இன்ஸ்பெக்டருக்கு ஆபரேஷன்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்கா, மகள் மூவரும் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அந்தச் சுகம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. முடிந்தால் உட்கார்ந்து படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் பதிலுக்குப் பேசுவீர்கள், அதனால்தான் கடிதம்.

நீங்கள் எழுதியது கிடைத்தது. மேனேஜருடைய மகள் முயல்குட்டி வேண்டும் என்று சாப்பிடாமல் அடம்பிடிக்கிறாள், நீங்களும் முந்திக்கொண்டு, "எங்க வீட்ல பெண் முயல் இருக்கு சார், குட்டி போட்டதும் முதல் குட்டி பாப்பாவுக்குத்தான்" என்று வாக்குக் கொடுத்துவிட்டீர்கள், அவரும் அன்றைக்கே உங்கள் இடமாற்ற மனுவைத் தூசி தட்டி மேலே வைத்துவிட்டார் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். ஆகவே உங்கள் வீட்டு முயல் டீச்சருக்கு எங்கள் வீட்டு இன்ஸ்பெக்டரை ஒரு வாரம் மாப்பிள்ளையாக அனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். மச்சான், நீங்கள் அந்த ஊரில் ஒற்றை அறையில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, தனியாகவே பாத்திரமும் கழுவுகிறீர்கள். உங்களைக் கட்டிக்கொண்ட தங்கச்சி இங்கே அடுத்த தெருவில் உங்களை நினைத்து ஏங்குகிறாள். ஒரு முயல்குட்டியால் நீங்கள் வீடு வந்து சேர முடியும் என்றால் என் முயலை நானே தோளில் தூக்கிக்கொண்டு வந்து விட்டிருப்பேன். ஆனால் மாப்பிள்ளைக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு. எழுந்து நிற்காதீர்கள், முழுக்கப் படியுங்கள்.

அவன் சின்னக் குட்டியாக இருந்தபோது என் மகளின் மடியில் படுத்தால் எழுப்பவே முடியாது. அறை அறையாகப் போய் மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்ப்பான், அதனால்தான் இன்ஸ்பெக்டர் என்று பேர் வைத்தோம். வயசுக்கு வந்தான் பாருங்கள், பேருக்கேற்ற அதிகாரமும் வந்துவிட்டது. வீடு முழுக்கத் தன் எல்லை என்று முடிவு செய்து, கதவு, சோபா, என் டூல் பேக், துவைத்து மடித்து வைத்த என் பேன்ட் எல்லாவற்றின் மேலும் சிறுநீர் பீய்ச்சி முத்திரை குத்தினான். உங்கள் அக்காவின் காலை உர் உர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு வட்டமடிப்பான். அவளும் முதலில், "என்மேல அவனுக்கு எவ்வளவு பாசம் பாருங்க" என்று பெருமைப்பட்டாள். அது பாசம் இல்லை, வேறு சமாச்சாரம் என்று தெரிந்த பிறகு நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டே காய் நறுக்கினாள். என் இடது கால் செருப்பின் மேல் அவனுக்கு ஏற்பட்ட காதலை நான் விவரிக்க விரும்பவில்லை. புது வீட்டுக்கு ஒயரிங் வேலை பேச ஒருவர் மனைவி மக்களோடு வந்து ஹாலில் உட்கார்ந்திருந்தார். நான் ஸ்விட்ச் போர்டு எங்கே வரும், பிளக் பாயின்ட் எங்கே வரும் என்று விளக்கிக்கொண்டிருக்கிறேன், இவன் நடு ஹாலுக்குச் செருப்பை இழுத்து வந்து குடும்பத்தோடு பார்க்க முடியாத காட்சியை நடத்துகிறான். அவர் குழந்தைகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு கிளம்பிப் போனார். ஒயரிங் வேலையும் அவரோடு போயிற்று.

இதையெல்லாம்கூடச் சிரித்துக்கொண்டே தாங்கினோம் மச்சான். ஒருநாள் என் மகள் கூண்டுக்குள் கையை விட்டுத் தீவனக் கிண்ணத்தை எடுக்கப் போனாள், பாய்ந்து வந்து கடித்துவிட்டான். நல்ல கடி. அவள் அழுதது வலியால் இல்லை. "அவனுக்கு என்னைப் பிடிக்காமப் போச்சாப்பா?" என்று கேட்டாள். நான் மருந்து தேடும் சாக்கில் அலமாரிப் பக்கம் போய்விட்டேன். உங்கள் அக்காவுக்குத்தான் எப்போதும் சொல்லத் தெரியுமே. "இந்த மாசத்துக்குள்ள திருந்தணும். இல்லன்னா வேற வீடு பாத்துக்க வேண்டியதுதான்" என்றாள். "யாரைச் சொல்றே?" என்று கேட்டேன். "பொதுவாத்தான் சொல்றேன்" என்றாள்.

அதனால் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். "கெட்ட குணமெல்லாம் இல்லைங்க, வயசுக் கோளாறு. ஹார்மோன் பண்ற வேலை. ஆபரேஷன் பண்ணிட்டா சாந்தமாயிடுவான்" என்றார். உங்கள் அக்கா உடனே தலையாட்டிவிட்டாள். நான் மட்டும் ஓர் ஆண் என்ற முறையில் கொஞ்சம் தயங்கினேன். "பயப்படாதீங்க, வலிக்காது" என்றார் டாக்டரம்மா. முயலைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து.

நான் எலக்ட்ரீஷியன். ஒயரை வெட்டினால் அந்த நொடியே பல்பு அணைய வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த நியாயம். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் மூலையில் சோர்ந்து கிடந்தான், பிறகு எழுந்து நேராகச் செருப்பிடம் போனான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "மேடம், தப்பா நினைக்காதீங்க, கனெக்‌ஷன் எங்கயோ விட்டுப்போச்சு போல" என்றேன். "ஃபேனை ஆஃப் பண்ணா உடனே நின்னுடுமா? கொஞ்ச நேரம் சுத்தித்தானே நிக்கும்? உடம்புல ஊறின ஹார்மோன் வடிய வாரக்கணக்காகும், பொறுமையா இருங்க" என்று என் தொழிலை வைத்தே என் வாயை அடைத்துவிட்டார்.

அவர் சொன்னது போலவே ஆயிற்று மச்சான். முதலில் பீய்ச்சுவது குறைந்தது, பிறகு நின்றேவிட்டது. உர் உர்ரும் வட்டமும் போயின. செருப்பைப் பார்த்தால் யாரோ என்பது போலத் தாண்டிப் போகிறான். வைக்கோல் போட்ட தட்டிலேயே ஒழுங்காக ஒதுங்குகிறான். முந்தாநாள் என் மகள் தரையில் படுத்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். இவன் மெல்ல வந்து அவள் கைக்கு அடியில் தலையை நுழைத்து, தடவிக் கொடு என்று படுத்துக்கொண்டான். அவள் அசையவே இல்லை, கை மரத்துப்போகும் வரை தடவிக்கொண்டே இருந்தாள். கதவு ஓரம் நின்று பார்த்த எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்காக அவன் வேறு முயலாக மாறிவிடவில்லை. மூலை முடுக்குப் பரிசோதனை அப்படியே நடக்கிறது. நான் வேலை முடிந்து தாமதமாக வந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டிக் கண்டிக்கிறான். ஒயர் கடிப்பது மட்டும் நிற்கவில்லை. போன வாரம் டேபிள் ஃபேன் ஒயர், நேற்று என் சார்ஜர். இதையும் டாக்டரம்மாவிடம் முறையிட்டேன். "ஆபரேஷன் ஹார்மோனுக்குத்தான் பண்ணேன், பல்லுக்கு இல்ல" என்றார்.

அவன் சாதுவாகிவிட்டான் என்பதற்கு உங்கள் வீட்டிலேயே சாட்சி உண்டு. ஆபரேஷன் ஆன இரண்டாவது வாரம் தங்கச்சி வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாள். வாசனை ஆகாது என்று டீச்சரை எங்களிடம் கொண்டு வந்து விட்டாள். உங்கள் அக்கா அப்போது அலுவலகப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். "ஒண்ணா விடலாமாண்ணே?" என்று தங்கச்சி தயங்கினாள். "தாராளமா விடும்மா, அவன் இப்ப சாமியார்" என்று சொல்லி நானேதான் கூண்டைத் திறந்துவிட்டேன். பகலெல்லாம் நான் வேலைக்குப் போய்விடுவேன், சாயங்காலம் வந்து பார்த்தால் இரண்டும் தோளோடு தோள் சேர்ந்து அண்ணன் தங்கை மாதிரி தூங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவு ஒழுக்கம்.

ஆகவே மச்சான், குட்டிக்கு வழியில்லை. உங்கள் இடமாற்றத்தில் நான் மண்ணைப் போட்டுவிட்டேன் என்று நினைக்கும்போது சோறு இறங்கவில்லை. மேனேஜரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள், அந்தப் பாப்பாவுக்கு மீன்தொட்டி பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். என்னை மன்னித்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். உங்களுக்கு எல்லா நலமும் வந்து சேரட்டும். மகள் முத்தம் அனுப்புகிறாள். இன்ஸ்பெக்டரும் விசாரித்ததாகச் சொல்லவும் என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

என்றும் தங்கள் அன்பை இழக்க விரும்பாத,
அக்காவின் கணவன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டும் முன் உங்கள் அக்கா வாங்கிப் படித்தாள். டீச்சர் வந்த இடத்துக்கு வந்ததும், "என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க!" என்று போட்ட சத்தத்தில் இன்ஸ்பெக்டர் சோபாவுக்கு அடியில் போய்விட்டான். ஆபரேஷன் ஆன பிறகும் ஆண் முயலுக்குச் சில வாரம் அந்தச் சக்தி மிச்சம் இருக்குமாம், பெண் முயல் பக்கமே விடக்கூடாதாம். டாக்டரம்மா இதை உங்கள் அக்காவிடம் ஆபரேஷன் அன்றே சொல்லியிருக்கிறார். நம் வீட்டில் பெண் முயல் ஏது என்று நினைத்து அவள் அதை எனக்குச் சொல்லவில்லை. நான் அப்போது வெளியே பெஞ்சில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கொஞ்ச நாளாகக் கிட்டே போனால் சீறுவதாகத் தங்கச்சி சொன்னாள். தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துச் சிரித்தார், ஐந்தாறு குட்டியாவது இருக்குமாம், அடுத்த வாரமே போட்டுவிடுமாம்.

ஆகவே மேலே எழுதிய எதையும் மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு குட்டிக்கு இடமாற்றம் என்றால், "மொத்தக் குட்டியும் குடுத்தா புரமோஷனோட அனுப்புவாரான்னு கேளு" என்று உங்கள் அக்கா எழுதச் சொல்கிறாள்.