தாடிப்பூவைக் கொல்லப் போனேன்

ஒரு பூச்செடியைக் கொன்றே தீருவது என்று போன வருஷம் சித்திரையில் சபதம் எடுத்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய் சேர்த்து எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எனக்கு வயது பதினெட்டு. தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். இலங்கையில் பூனாகலைப் பக்கம் வெள்ளைக்காரத் தொரையின் பங்களாவில் பூப்பாத்தி கொத்துகிறேன். கல்யாணமாகி இரண்டு வருஷம். பெண்சாதி தனலெட்சுமி கொழுந்து பறிக்கிறாள்.

அப்போது ஹாலிஎலைப் பக்கம் ரயில் பாதைக்காக மலையை வெடி வைத்துப் பிளந்துகொண்டிருந்தார்கள். மலையே எழும்பி விழுமாம்! எனக்கு அங்கே போக வேண்டும். பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆம்பளை எத்தனை நாள் அலைவது? ஆனால் தோட்டத்தை விட்டுப் போக, போகலாம் என்று எழுதித் தரும் பத்துச்சீட்டு வேண்டும். அது தொரை கையில். அவர் பெண்சாதி தொரசாணி அம்மாவிடம் போய் நின்றேன்.

அவர் சீமையிலிருந்து வந்த ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். இஞ்சி மாதிரி ஐந்து கிழங்கு. ஐரிஸ் என்றார். பூவின் கீழ் இதழில் தாடி இருக்குமாம். எனக்கே இன்னும் தாடி முளைக்கவில்லை. பூவுக்குத் தாடி!

"இது பூக்கிற வரைக்கும் நீ போகக் கூடாது, தம்பையா. செத்துப்போனா போ. நானே சீட்டு வாங்கித் தர்றேன். ஆனா இது சாகாது. அழுகல் நோய் தாங்குற ஜாதி."

முந்தி வந்த கிழங்கெல்லாம், எனக்கு முன்னால் இருந்த தோட்டக்காரர் கையில் கொழகொழவென்று அழுகி நாறின. அவர் ஆழமாகப் புதைத்தார், எரு போட்டார், இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினார். அப்படிக் கவனித்தும் நோய் விடவில்லை. இந்த ஜாதிக்கோ நோயே வராதாம். நோய் வராவிட்டால் எனக்கு விடுதலை எப்படி வரும்?

தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்கு வந்தேன். தனலெட்சுமி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, யாருக்கும் தெரியாம ஒரு செடிய எப்படிக் கொல்றது?"

"எதுக்குங்க?"

"ஹாலிஎலைக்குப் போக."

ரொட்டி கருகியது. அவள் திருப்பவில்லை. அவள் அண்ணன் இராசையா அந்த வெடி வேலைக்குத்தான் போனார். ஒரு கையோடு திரும்பி வந்தார். இப்போது தட்டை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சாப்பிடுகிறார். எனக்கு அப்படியெல்லாம் ஆகாது என்று நினைத்தேன். ஏன் ஆகாது என்று நினைக்கவில்லை.

"போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேன்."

கருகிய ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டாள்.

"அப்ப நான் சொல்றபடி செய்யுங்க. கிழங்கப் பொதைக்காதீங்க. வேர மட்டும் மண்ணுல விட்டு, முதுக வெயில்ல போடுங்க. காஞ்சு சாகட்டும்."

"அட!"

"தண்ணி ஒரு சொட்டு ஊத்தாதீங்க."

"மழை ஊத்துமே, புள்ள?"

"பங்களாவுக்குப் பின்னால கல்லுச் சரிவு இருக்குல்ல? அங்க நடுங்க. பேஞ்ச தண்ணி நிக்காம ஓடிரும்."

"எரு?"

"சாகப் போறதுக்கு சோறு எதுக்குங்க? அடுப்புச் சாம்பலத் தூவி விடுங்க."

என் பெண்சாதிக்கு இவ்வளவு கல் மனசா! பெருமையாக இருந்தது.

கல்லுச் சரிவில் நட்டேன். ஏன் இங்கே என்று தொரசாணி அம்மா கேட்டார். "நோய் அண்டாத இடம்மா" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். அது பொய்யே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஆடிக் காற்றில் தேயிலையே வாடியது. இது வாள் மாதிரி இலை விட்டது.

"புள்ள, சாகலியே."

"எலை ஏதாவது பழுத்திருக்கா?"

"அடியில ரெண்டு. புள்ளி புள்ளியா."

"அத அறுத்து எரிங்க. தெனம் ஒண்ணு அறுத்தா எத்தன நாளைக்குத் தாங்கும்?"

அறுத்தேன். எரித்தேன். ஐப்பசி மழை வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். எல்லாப் பாத்தியும் சேறாகியது. கல்லுச் சரிவு மறுநாளே காய்ந்தது.

"சுத்தியிருக்கிற புல்லப் புடுங்குங்க" என்றாள் அவள். "தனியா நின்னு ஏங்கிச் சாகட்டும்."

புல்லைப் பிடுங்கினேன். அது ஏங்கவில்லை. மாசியில் பூத்தது.

நல்ல நீலம். கீழ் இதழ் நாக்கு மாதிரி தொங்கியது. அதன் மேல் மஞ்சளாக, மெத்தென்று, தாடி. பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து மாசம் இதைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். அது ஒன்றும் மனசில் வைத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. எனக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குக் கோபம்.

தொரசாணி அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சீட்டு வேண்டுமா என்று கேட்டார், சொன்ன சொல் மாறாதவர். சீமைக்கு இன்னும் ஐம்பது கிழங்குக்கு எழுதிவிட்டதாகவும் சொன்னார். நாளைக்குச் சொல்கிறேன் என்று விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தேன்.

"புள்ள! நீ வேணும்னேதான் அப்படிச் சொன்னியா?"

"ஆமாங்க."

மறுப்பாள் என்று பார்த்தேன். மறுக்கவில்லை.

"அந்தத் தோட்டக்காரர் தூக்கிப் போட்ட அழுகலு தண்ணி ஓடுற கான் ஓரமாக் கெடந்துச்சு. வெறகு பொறுக்கையில பாத்தேன். கல்லு மேல விழுந்த ஒண்ணு மட்டும் காஞ்சு, துளிர் விட்டிருந்துச்சு. பொழைக்கிறது ஜாதியில இல்லைங்க, நிக்கிற இடத்துலதான் இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பொழைக்க வைக்க வழி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கொல்றதுக்குத்தானே கேட்டீங்க?"

தோற்றுப்போனால் நான் கத்துவேன். கத்தினேன்.

"சீட்டு நாளைக்கே வாங்க முடியும், தெரியுமா? இன்னும் ஒண்ணு கேட்டுக்க. இனிமே நீ என்ன சொன்னாலும் அதுக்கு நேர்மாறாத்தான் செய்வேன். சத்தியம்!"

அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள்.

"சத்தியமாங்க?"

"சத்தியமா! மாரியாத்தா மேல சத்தியமா!"

"சரிங்க. அப்ப விடிஞ்சதும் ஹாலிஎலைக்குக் கெளம்புங்க."

ஐம்பது கிழங்கையும் நான்தான் நட்டேன்.