நான் எழுந்துபோனால் நின்றுவிடும் கணினி

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே கணினியைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளையும், நீ வாங்கிச் சேர்த்திருக்கும் இயந்திரங்கள் அனைத்தும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும்.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பின்னறைக்குப் போய்க் கணினிப் பெட்டியின் மேல் கைவைத்துப் பார்த்தேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட முகம் கழுவிக்கொண்டுதான் நெற்றியைத் தொட்டிருக்கிறேன். பெட்டி சில்லென்றிருந்தது. நேற்று நீ போனில், "நீ சொல்றது ஒண்ணும் புரியலக்கா. நடந்ததை வரிசையா எழுதி அனுப்பு, பாத்துட்டு லேப்டாப் வாங்கி அனுப்பிடறேன்" என்றாயே, அந்தக் கடிதத்தை இதிலேயே அடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'எல்லோரும் நலம்' வரை ஒழுங்காகத்தான் வந்தது. இன்று விடுமுறை, எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள். எழுந்துபோய்க் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் திரும்பினால், 'நலம்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கோடு மினுக்காமல் நின்றிருந்தது. பெட்டி இஸ்திரிப்பெட்டி போலச் சுட்டது. ஆகவே கையால் எழுதுகிறேன். படம் பிடித்து அனுப்புகிறேன்.

வரிசையாகச் சொல்வதென்றால், முன்பெல்லாம் எப்போதாவது ஒருமுறை நின்றுபோகும். அப்போது உன்னைக் கேட்டேன். "தூசிதான்க்கா அதுக்கு எமன். தூசி படாம பாத்துக்கோ" என்றாய். போன் ஸ்பீக்கரில் இருந்தது, பக்கத்தில் மாமனாரும் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் தினமும் துடைக்கிறேன். துடைக்கத் துடைக்க நோய் முற்றியதுதான் மிச்சம். இப்போது ஒரு நாளில் பலமுறை நிற்கிறது. இதில் விசித்திரம் என்னவென்றால், நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்வரை சமர்த்தாக ஓடுகிறது. எழுந்துபோனால் நின்றுவிடுகிறது. ரிப்பேர்காரரை வரவழைத்தேன். அவர் மூடியைக் கழற்றி வாயால் ஊதி, நாற்காலியில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், அது அவருக்கு எதிரில் ஒரு குறையும் காட்டவில்லை. "நல்லாத்தானே ஓடுது மேடம், நீங்க டென்ஷன் ஆகாம இருந்தா போதும்" என்று எனக்கு வைத்தியம் சொன்னார். அவரைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு, பேசிக்கொண்டே காய்கறியும் வாங்கி வந்தேன். வந்து பார்த்தால் நின்றிருந்தது. உன் அத்தான் மருத்துவம் வேறு மாதிரி. பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு.

"தட்டினா சரியாகும்னு எங்க படிச்சீங்க?"

"ஏன், நீ மொழிபெயர்க்கிற புக்குல இல்லையா?"

"இல்ல."

"அதான் அதையெல்லாம் யாரும் படிக்கறதில்ல."

அவர் சொன்னதில் தவறில்லை. இத்தனை வருடமாக மிக்சிக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கையேடு மொழிபெயர்க்கிறேன், 'இயந்திரம் நின்றுவிட்டால் பதற வேண்டாம்' என்று ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்தவள், என் வீட்டில் ஒன்று நின்றபோது முதலில் செய்தது பதறியதுதான். உன் மருமகள் வந்து எட்டிப்பார்த்து, "அம்மா, அது ஹேங்க் ஆகல. ரிசைன் பண்ணிடுச்சு" என்றாள்.

லேப்டாப் வரப்போகிறது என்றதும் உன் அத்தானுக்கு ஒரே உற்சாகம். "எங்க வேணா உக்காந்து வேலை பாக்கலாமே, அடுப்படியிலகூட!" என்றார். அப்படியானால் பின்னறை எதற்கு என்றேன். "பீரோவை உள்ள தள்ளிடலாம், இஸ்திரி டேபிளும் போட்டுக்கலாம்" என்று டேப் வைத்து அளந்தே விட்டார். யோசித்துப் பார்த்தேன், இந்த வீட்டில் நான் இருக்கும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு வர முடியாத பொருள் அந்தக் கணினி ஒன்றுதான். அதனால் நான்தான் அதனிடம் போக வேண்டியிருக்கிறது. அந்த அறையில் ஒரு மேஜை, நாற்காலி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்க்கும் ஜன்னல், அப்புறம் ஒரு கதவு. அங்கே இருந்தால் என்னை யாரும் கூப்பிடுவதில்லை என்று சொல்லமாட்டேன். கூப்பிட்டால் நான் எழுந்துவரக் கொஞ்சம் நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரம் என்னுடையது. ஆனால் ஓடாத இயந்திரத்தைக் காட்டி எத்தனை நாள்தான் ஓர் அறையைப் பிடித்துவைக்க முடியும்? ஆகவே லேப்டாப்பை அனுப்பிவிடு. கனமில்லாததாகப் பார்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைக்கு அத்தையின் ஆசிகள். நன்றாகப் படிக்கட்டும், கணினியை மட்டும் பழுது பார்க்காமல் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா

பி.கு.: லேப்டாப் அனுப்பாதே. கடிதத்தை முடித்துவிட்டு, கணினியை மறுபடி போட்டுவிட்டு, மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். வீட்டுக்குள் போடும் செருப்பு மாடித் தண்ணீரில் நனைந்துவிட்டதால் அங்கேயே விட்டு வெறுங்காலோடு இறங்கி வந்தேன். பின்னறையில் மாமனார், பழைய போர்வையில் தைத்த ஓர் உறையைப் பெட்டிக்கு மாட்டி, ஓசைப்படாமல் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா இது?"

"தூசிம்மா. உன் தம்பிதானே சொன்னார்? எங்க ஆபீஸ்ல சீட்டை விட்டு எழுந்தா டைப்ரைட்டருக்கு உறை போட்டுட்டுத்தான் எழுந்திருக்கணும். இல்லேன்னா மெமோ."

"ஓடிக்கிட்டு இருக்கறப்பவா?"

"எழுந்தா போடணும், அவ்வளவுதான் ரூல். நீ ஏதும் நெனச்சுக்கக் கூடாதுன்னு, உன் செருப்புச் சத்தம் கேட்டதும் கழட்டிடுவேன்."

எத்தனையோ கையேடுகளில் 'பழுதுக்கான காரணங்கள்' பட்டியலை மொழிபெயர்த்திருக்கிறேன். ஒன்றிலும் மாமனார் இல்லை.

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "உறை போதாது மாமா. தூசி வரக்கூடாதுன்னா கதவைச் சாத்திவைக்கணும். நான் உள்ள இருக்கறப்பவும். சாத்திட்டா உறையே வேண்டாம்" என்றேன். அவர் யோசித்தார். "அப்ப யாரும் சும்மா சும்மா தெறக்கக்கூடாது."

"கூடாது."

"நான் பாத்துக்கறேன்."

கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கதவுக்கு வெளியே போட்டுக்கொண்டார். இந்தப் பின்குறிப்பைக் கணினியில்தான் அடிக்கிறேன். நடுவில் இரண்டு முறை எழுந்து ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் நின்றேன், அது நிற்கவில்லை. சற்று முன் உன் அத்தான் சட்டையில் பொத்தான் அறுந்துவிட்டது என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். வெளியே மாமனார் குரல்: "இப்பத் தெறக்காதே. தூசி உள்ள போயிடும்."

உறைதான் காரணம் என்று யாரிடமும் சொல்வதாக இல்லை, அவரிடமும்தான். நீயும் சொல்லாதே. எப்படிச் சரியாயிற்று என்று கேட்டால், கதவைச் சாத்தியதும் சரியாகிவிட்டது என்பேன்.