தாடியும் ஏழாவது ஆட்டமும்

ரிவியேர் நுவார்
ஏப்ரல் 20, 1998

மதிப்பிற்குரிய மச்சான் ஒரேலுக்கு,

ரோசேர் எழுதுவது. நான் நலம். உன் அக்கா ஒதீல் நலமில்லை. டெக்சாஸில் நீயும் குழந்தைகளும் வெயிலோடு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இருவரும் அழுதுவிடுவோம், அதனால்தான் அவசரத் தபால்.

எங்கள் ஐஸ் ஹாக்கி அணியை உங்கள் ஊர் தூக்கிக்கொண்டு போனதைப் பற்றி இனிப் பேசுவதில்லை என்று கிறிஸ்துமஸுக்கு வாக்குக் கொடுத்தேன். மீறுகிறேன். ஒன்பது வருஷத்துக்கு முன் மரவெட்டிகள் அணி கோப்பைச் சுற்றில் நுழைந்த அன்று, வழக்கப்படி காகித ஆலையில் முப்பத்தொரு பேர் சவரத்தை நிறுத்தினோம். கோப்பை வரும்வரை, அல்லது தோற்று வெளியேறும்வரை, முகத்தில் கத்தி படக்கூடாது. ஏழு ஆட்டம் கொண்ட இறுதிச் சுற்றில் இரு அணிக்கும் மூன்று மூன்று வெற்றி, ஏழாவது ஆட்டம் பாக்கி. அதற்கு முதல் நாள் பனி கனத்து அரங்கக் கூரை விழுந்தது. அணியின் முதலாளி சாமானை லாரியில் ஏற்றி, "அடுத்த வாரம் ஆடிடலாம்பா, எங்க போயிடப்போறோம்?"னு சொல்லிட்டுப் போனவர்தான். ஏரிக்கு அக்கரையில் இரண்டு வருஷம் ஆடினார்கள், அந்த அரங்கமும் சோபாக் கடை ஆனது. அப்புறம் உங்கள் ஊர். பெயரும் தேள்கள் என்று மாறிவிட்டது. தேளுக்கும் ஐஸுக்கும் என்னய்யா சம்பந்தம்? ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை, நான் எப்படிச் சவரம் செய்வது? தாடி ஆலை உருளையில் சிக்கி இரண்டு பல் போனது. பாஸ்போர்ட் படத்தில் இருப்பது நானில்லை என்று எல்லையில் திருப்பி அனுப்பினார்கள். உன் கல்யாணத்துக்கு வராதது அதனால்தான், குடியால் அல்ல. மற்றவர்கள் ஒவ்வொருவராக மழித்துக்கொண்டார்கள். எமிலை மட்டும் தாடியோடு புதைத்தோம். மிஞ்சியது நான் ஒருவன். நானும் எடுத்துவிட்டால் மரவெட்டிகள் என்று ஓர் அணி இருந்ததற்கே சாட்சி இல்லை.

இத்தனை வருஷம் கோப்பைச் சுற்றில்கூட நுழையாத அந்தத் தேள்கள் இப்போதுதான் மறுபடி இறுதிக்கு வந்திருக்கிறார்கள். சனிக்கிழமை உங்கள் ஊரில் ஏழாவது ஆட்டம். ஒதீலின் நுரையீரல் வெள்ளிக்கிழமையைத் தாண்டாது என்கிறார் டாக்டர். நேற்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"யோவ், உன் மோவாயில ஒரு குழி இருந்துதே, அத ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்யா."

"சனிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோடி, ஆட்டம் இருக்கு."

"நான் பொறுத்துக்குவேன். உள்ள இருக்கிற மூச்சு பொறுக்குமா?"

ஆகவே நீயே அரங்குக்குப் போ. யார் ஜெயித்தாலும் சரி, முடிந்த நொடியில் ஆஸ்பத்திரிக்குப் போன் செய். சவரக்கத்தி சட்டைப்பையில் இருக்கிறது.

குழந்தைகளுக்கு ஆசிகள். உன் மனைவிக்கு வணக்கம். தேள்களுக்கு ஒன்றும் கிடையாது.

இப்படிக்கு,
மரவெட்டிகளின் கடைசி ரசிகன்,
உன் அத்தான் ரோசேர்

பின்குறிப்பு: தபாலாபீசுக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். அவளுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அங்கேயே குழாயடியில் தாடியை எடுத்துவிட்டேன். ஒதீல் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். "ஐயய்யோ, தாடியே தேவலாம்யா" என்று சிரித்தாள். அப்படியே தூங்கிப்போனாள். இனி எழுப்ப வேண்டாம் என்கிறார் டாக்டர். நீ அரங்குக்குப் போகாதே, உடனே இங்கே கிளம்பி வா. ஆட்டம் எப்படி முடிந்தாலும் என்னிடம் சொல்லாதே.