பள்ளுருத்தி விசா

நேரத்துக்கு முன்னால் போய் நிற்பவனுக்கு ஒரு கெடுதலும் வராது என்று இருபத்தொன்பது வயது வரை நம்பியிருந்தேன். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால், கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் (மண்டபத்தில் அப்போதுதான் நாற்காலி இறக்கிக்கொண்டிருப்பார்கள்) போய்விடுவேன். அந்த நம்பிக்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தோப்பும்படியில் முடிந்தது. நாட்குறிப்பில் நேரம் இருக்கிறது.

தென்காசியிலிருந்து மலையாளக் கரைக்கு வந்து, கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் நான்கு வருடமாக மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். வளைகுடாவில் ஒரு கம்பெனிக்கு ஸ்டோர்கீப்பர் வேண்டும் என்று ஓர் ஏஜென்சி விளம்பரம் கொடுத்திருந்தது. எனக்கும் சுமதிக்கும் அப்போது பேசி முடித்திருந்தார்கள். அவள் அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. மாப்பிள்ளை விசாவோடு வந்தால் தையில் கல்யாணம், இல்லாவிட்டால் யோசிக்கலாம். அவர் யோசித்தால் என்ன முடிவுக்கு வருவார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஏஜென்சிக்காரர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு தோப்பும்படி ஜங்ஷன்ல நின்னா போதும். வண்டி வரும். இன்டர்வியூ உண்டு, பிராக்டிக்கல் டெஸ்டும் உண்டு."

ஆறு இருபதுக்கே போய்விட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் கோப்பு, அதில் பி.காம். சான்றிதழும் புத்தம் புது பாஸ்போர்ட்டும். எனக்கு முன்னாலேயே முப்பது பேர் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் வங்காளிகள், மீதி நம் ஊர்க்காரர்கள். ஆளுக்கொரு பை. போட்டி கடுமைதான் என்று நினைத்துக்கொண்டேன். (தினமும் கூலி வேலைக்கு ஆள் எடுக்கும் இடம் அது. நான்கு வருடம் பக்கத்திலேயே இருந்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் பூட்டிய கிடங்கின் வாசலில் காத்துக்கொண்டிருப்பேன்.)

பக்கத்தில் தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மாள். சங்கரன்கோவில்காரர், பெயர் மாரியக்கா என்று பிறகு தெரிந்தது.

"நீங்க எந்த வேலைக்குக்கா வந்திருக்கீங்க?"

"எது கெடச்சாலும் சரி தம்பி."

குறிக்கோள் இல்லாதவர் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

ஆறே முக்காலுக்கு ஒரு மினி லாரி வந்தது. முன்சீட்டிலிருந்து இறங்கிய ஜோசி என்ற மேஸ்திரி எங்களை ஒரு பார்வை பார்த்து விரலை நீட்டினார். "நீ, நீ, அக்கா, நீ..." கடைசியாக என் பக்கம் திரும்பினார். "கண்ணாடி, நீயும் கேறிக்கோ."

முப்பது பேரில் ஒன்பது பேர். அதுவும் கோப்பைத் திறக்காமலேயே. ஆளைப் பார்த்ததும் தகுதியை எடைபோடும் நிறுவனம் என்று பெருமையாக இருந்தது. வண்டி முக்கால் மணி நேரம் முன்னால் வந்ததும் எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளுருத்தியில் ஒரு வீட்டுக்கு மாடித்தளம் கான்கிரீட் போடும் நாள் அது. ஒரு கைலியைக் கொடுத்து மாற்றச் சொன்னார்கள். சட்டை, போன், கோப்பு எல்லாம் சிமெண்ட் கொட்டகைக்குப் போயின. பரீட்சை ஹாலில் போன் அனுமதிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். நானே அணைத்துக் கொடுத்தேன்.

யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று பதினைந்து வருடமாக எல்லோரும் கேட்கிறார்கள். டிரைவர் வேலைக்குப் போன என் நண்பனை முதலில் காரைக் கழுவச் சொன்னார்களாம். வளைகுடாவில் எந்த வேலைக்கும் தயங்காதவன்தான் வேண்டும், அதைத்தான் சோதிப்பார்கள் என்று அவன் சொல்லியிருந்தான். எனவே நான் தயங்கவில்லை. மேற்பார்வையாளர் மாதிரி யார் தெரிந்தாலும் சிரித்த முகமாகச் சட்டியை வாங்கினேன்.

ஏணி முழுக்க ஆள் நின்று, கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்ப வேண்டும். எனக்குக் கீழே மாரியக்கா.

"தம்பி, பிரசாதமா வாங்குற? இடுப்புல தாங்கிப் புடி. அட, சிரிக்காதய்யா, மேல ஊத்திரும்!"

ஊற்றியது.

பத்தரை மணிக்குச் சாயா வந்தது. இதுதான் சமயம் என்று சான்றிதழ்க் கோப்பை எடுத்துக்கொண்டு மேஸ்திரியிடம் போனேன்.

"சார், சர்ட்டிஃபிகேட் எப்போ பார்ப்பீங்க?"

ஈரச் சிமெண்டுக் கையோடு வாங்கிப் புரட்டினார். "எந்தா இது? பி.காமா? சட்டி சொமக்கான் எதுக்கடா பி.காம்?"

"ஸ்டோர்கீப்பர் டெஸ்ட் இதுதானே சார்?"

முதலில் சிரித்தது மாரியக்கா. அப்புறம் மேஸ்திரி. வங்காளிகளுக்கு யாரோ இந்தியில் சொல்ல, மூன்றாவதாக அவர்களும் சிரித்தார்கள். நான் போனைப் போட்டு ஏஜென்சியைக் கூப்பிட்டேன்.

"கரெக்ட் ஏழரைக்கு வண்டி வந்து, எல்லாரும் கேறிப் போயாச்சு. இன்டர்வியூவும் கழிஞ்சு. நீங்க மட்டும் லேட்."

என் வாழ்நாளில் என்னைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

சட்டையை எடுக்கப் போனேன். மேஸ்திரி கையைப் பிடித்துக்கொண்டார். "கான்கிரீட் பாதியில நிக்கக் கூடாது மோனே. ஆளு கொறஞ்சா ஸ்லாப் ஒழுகும்."

"போன வேலை போயிருச்சு தம்பி. இருக்குற வேலையவாச்சும் முடி" என்றார் மாரியக்கா. ஏணியில் என் இடம் மட்டும் காலியாக இருந்தது. வரிசையில் இடைவெளி இருந்தால் எனக்குத் தாங்காது. போய் நின்றேன்.

சாயங்காலம் சுமதி போன் செய்தாள்.

"டெஸ்ட் என்னாச்சு?"

"முடிச்சிட்டேன்."

"செலக்ட் ஆயிட்டீங்களா?"

"ஆயிட்டேன். வேற கம்பெனி."

பொய் இல்லை. காலையில் கொட்டகையில் இருந்த சிமெண்ட் மூட்டைகளையும் கலவைக்குப் போனவற்றையும் பழக்கதோஷத்தில் எண்ணியிருந்தேன். கொட்டகையில் நான்கு மூட்டை குறைகிறது என்று கிளம்பும்போது சொன்னேன். மேஸ்திரி போய் எண்ணிப் பார்த்துவிட்டு வந்தார். "நாளெ வா. ஸ்டோர் நீ நோக்கிக்கோ."

நடந்தது முழுவதையும் சுமதி அவள் அப்பாவிடம் சொன்னாள். அவர் யோசித்தார். மூன்று நாள் யோசித்துவிட்டு, "கூப்பிட்டவன் வண்டியிலெல்லாம் ஏறுறவன் நம்ம பேச்சையும் கேப்பான்" என்று சம்மதித்தார். தையில் கல்யாணம். ஸ்டோர் இன்றும் என் பொறுப்பில்தான் இருக்கிறது.

கோப்பைப் புரட்டியபோது மேஸ்திரியின் கட்டைவிரல் சிமெண்டோடு பாஸ்போர்ட்டில் விசா பக்கத்தின் நடுவில் பதிந்து அப்படியே இறுகிவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் சுமதி முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவாள். "பள்ளுருத்தி விசா. பதினஞ்சு வருஷமா செல்லுது." காலையில் நான் கிளம்பும்போது மகள் கேட்பாள்: "ஃப்ளைட்டுக்கு நேரமாச்சில்லே அப்பா?" (நேரமாகியிருக்காது. நாற்பது நிமிடம் இருக்கும்.)

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போனபோது அங்கிருந்த அலுவலர் அந்தப் பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

"இதெந்தா சாரே?"

பக்கத்திலிருந்த சுமதி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

"ஒரு சிமெண்டுக்கு ரெண்டு மணல், நாலு ஜல்லி" என்றேன்.