விறாந்தைக்குச் சில்லுப் பூட்டின மாப்பிள்ளை

தண்ணீரூற்று,
முள்ளியவளை.
2004 தை மாதம்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் சிறாஜ் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல அல்லாஹ்வின் கிருபையால் இவ்விடத்தில் நானும், தங்கள் தங்கை நஃப்லாவும், மகள் றிம்ஸியாவும், இரண்டு மாடுகளும் சுகமாக இருக்கின்றோம். புத்தளத்தில் தாங்களும் தங்கள் பாரியாரும் பிள்ளைகளும் சுகமே இருக்க துஆச் செய்கின்றோம். வயல் கதிர் தள்ளிவிட்டது. கிணறு நிறைந்து கிடக்கிறது. நிற்க. நிற்க என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்கு நிற்கவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. இடுப்புப் பிடித்துவிட்டது. அதன் காரணம் கீழே வரும்.

தாங்கள் மிகுந்த சிரமப்பட்டுப் பேசிய வவுனியா நாஸிம் தம்பியின் சம்பந்தம் பற்றியதே இக்கடிதம். தம்பி நல்லவர். ஐந்து நேரமும் தொழுகிறார். சிகரெட் இல்லை. சீமெந்தும் கூரைத் தகரமும் விற்கிற கடை ஓகோவென்று நடக்கிறது. தகப்பன் மௌத்தான பிறகு தாய் ஆசியா உம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறார். சீதனம் ஒரு சதமும் வேண்டாம் என்கிறார். இவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் இந்தச் சம்பந்தம் சரிவராது என்பதை மிகவும் தாழ்மையுடன் அறியத் தருகின்றேன். ஏன் என்று கேட்பீர்கள். மச்சான், அந்தத் தம்பியின்ர வாகனத்தை நீங்கள் கண்டனீங்களோ?

அதை வாகனம் எண்டு ஆரோ அவருக்குச் சொல்லி வித்துப்போட்டினம். வெள்ளை நிறம். எங்கட மாட்டுக்கொட்டிலை விட நீளம். பேரை எழுதமாட்டன், பிறகு கொம்பனிக்காரர் கோவிப்பினம். சமாதானம் வந்து றோட்டுத் திறந்த நாளில இருந்து இந்த மாதிரிச் சாமான்கள்தான் வன்னி முழுக்க உலாவுது. உங்களுக்குத் தெரியும், எங்கட காட்டுப்பாதை ஜீப் சங்கத்தில நாங்கள் மூண்டு பேர். நான் ஒண்டு. ஒட்டுசுட்டானில வயல் செய்யிற யோகநாதன் ஒண்டு. மற்றது முல்லைத்தீவுக் கரையில மீன் ஏத்திற மரியநாயகம். தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனம் முழுக்க ஊரை விட்டுப் போக வேண்டி வரேக்க என்ர ஜீப்பைத் தென்னோலையால மூடி வைச்சு, பெற்றோல் இல்லாத காலத்தில மண்ணெண்ணெயைக் காட்டி உயிரோட வைச்சிருந்து, நாங்கள் திரும்பி வந்த அண்டைக்குக் கழுவித் துடைச்சு என்ர படலையில கொண்டுவந்து விட்ட மனிசன் அவர்தான். நாங்கள் மூண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையில சந்தித் தேத்தண்ணிக் கடையில குந்தியிருந்து, போற வாற புது வாகனங்களுக்கு மதிப்புரை வழங்கிறது வழக்கம். "வாகனமெண்டால் ஏறேக்க முழங்கால் அடிபட வேணும்" எண்டது மரியநாயகத்தின்ர கட்சி. "கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டுக்காரன் எழும்ப வேணும், இது சாத்தினால் பெருமூச்செல்லோ விடுது" எண்டது யோகநாதன். என்ர கருத்து, கறன்ரில இறங்கிற கண்ணாடி கறன்ரிலதான் ஏறும், வன்னியில கறன்ற் எங்க கிடக்கு? இது காட்டுப்பாதைச் சங்கமெண்டாலும் நாங்கள் ஒருநாளும் பாதையை விட்டு இறங்கினது கிடையாது எண்டதையும் சொல்லவேணும். மிதிவெடி எடுத்தவை ஊன்றின வெள்ளைத் தடிக்கு அங்கால இறங்கினால் சங்கத்தில ஆள் குறைஞ்சிடும்.

சரி, விசயத்துக்கு வாறன். போன ஞாயிற்றுக்கிழமை தாயும் மகனும் பெண் பார்க்க வந்திச்சினம். அந்த வெள்ளைச் சாமான் எங்கட ஒழுங்கைக்குள்ள திரும்பேக்க வேலியைத் தன்னோட கூட்டிக்கொண்டு வந்திட்டுது. நஃப்லாவுக்கு வேலி போன கவலை கொஞ்சமும் இல்லை, "எவ்வளவு வடிவான வாகனம்" எண்டு, மாப்பிள்ளை வீட்டாருக்கு இனிப்பாச் செய்த வட்டிலப்பச் சட்டியோட வாசலில நிக்கிறா. எனக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. "தம்பி, இது காட்டுக்குள்ள போகுமோ?" எண்டு கேட்டன். "ஓம் மாமா, ஒரு பட்டன் இருக்கு. அமத்தினால் மண்ணோ, சேறோ, மலையோ எண்டு கேக்கும். நாங்கள் சொன்னால் சரி" எண்டார். மச்சான், சேத்துக்குள்ள நிண்டுகொண்டு இது சேறோ எண்டு ஆளிட்டைக் கேக்கிற வாகனத்தை நான் என்ர சீவியத்தில காணேல்லை. அந்த இடத்திலயே தீர்மானிச்சன், இண்டைக்கு இதை எங்கட வயலுக்குக் கொண்டுபோய் அதின்ர குட்டை வெளிப்படுத்த வேணுமெண்டு. "வட்டிலப்பத்தை வயல் கரையில வைச்சுச் சாப்பிடுவம், காத்தும் வரும்" எண்டு பக்குவமாச் சொல்லி எல்லாரையும் கிளப்பினன். சங்கத்துக்காரர் ரெண்டு பேரும் நடுவர்களாக ஏலவே வந்து வேலியடியில நிண்டவை.

அங்க துவங்கினது முதல் துரோகம். என்ர மனிசி என்ர ஜீப்பில ஏறேல்லை! "இஞ்சேருங்கோ, ஆசியா உம்மா தனிய இருக்கிறா, நாங்கள் அவவோட வாறம்" எண்டு மகளையும் இழுத்துக்கொண்டு வெள்ளைச் சாமானுக்குள்ள ஏறி இருந்திட்டா. என்ர சீற்றின்ர கம்பி அவவின்ர சீலையைக் கிழிச்ச கதை அவவுக்கு இன்னும் ஆறேல்லைப் போல. நான் முன்னால ஓட்டினன், மரியநாயகம் பக்கத்தில, யோகநாதன் பின்னால வட்டிலப்பச் சட்டியை மடியில வைச்சுக்கொண்டு. வழியில ரெண்டு பாலை மரம் நெருங்கி நிக்கிற இடம் ஒண்டு இருக்கு, அதுக்குள்ளால மாட்டுவண்டியே யோசிச்சுத்தான் போகும். இதோட கதை முடிஞ்சுதெண்டு திரும்பிப் பாத்தால், அந்தச் சாமான் கோழி செட்டையை ஒடுக்கிற மாதிரித் தன்ர பக்கக் கண்ணாடி ரெண்டையும் தானே ஒடுக்கிக்கொண்டு மெல்ல வந்திட்டுது. மரியநாயகம் சிலுவை போட்டுக்கொண்டார். "உனக்கு இது செய்யேலுமோ?" எண்டு யோகநாதன் என்ர ஜீப்பைக் கேக்கிறான். என்ர ஜீப்புக்குப் பக்கக் கண்ணாடி இருந்தால் எல்லோ ஒடுக்கிறது.

எனக்கு ரோசம் வந்திட்டுது. வயலுக்கு முன்னால பாதையை வெட்டிக்கொண்டு ஒரு சின்ன அருவி ஓடுது, மாரித் தண்ணி இன்னும் வடியேல்லை. மெதுவா இறங்க வேண்டிய இடம் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் பின்னால சம்பந்தி வீட்டார் பாத்துக்கொண்டிருக்கேக்க ஆர் மெதுவா இறங்குவான்? பிடிச்சு ஒரு அமத்து அமத்தினன். தண்ணி ரெண்டு பக்கமும் மதில் மாதிரி எழும்பினது, என்ர கண்ணுக்கே வடிவாத்தான் இருந்தது. நடு அருவியில எஞ்சின் ரெண்டு தரம் இருமிப்போட்டு வாயை மூடிற்றுது. நிண்ட வேகத்தில வட்டிலப்பம் முழுக்க என்ர பிடரியில. அதைத் துடைக்கலாமெண்டு கதவில சாய, கயித்தால கட்டியிருந்த கதவு திறந்து நான் தண்ணிக்குள்ள. இடுப்பு அங்கதான் பிடிச்சது. சக்கரைப்பாகோட தண்ணிக்குள்ள கிடந்த என்னைச் சுத்தி மீன்குஞ்சுகள் வந்திட்டுது எண்டு மரியநாயகம் சந்தி முழுக்கச் சொல்லித் திரியிறார். அதை நீங்கள் நம்பவேண்டாம்.

நாஸிம் தம்பி நல்ல பிள்ளைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. "மாமா, நான் இழுத்து விடுறன்" எண்டு எனக்குப் பக்கத்தால இறக்கினார், பட்டனையும் அமத்தினார். சேறோ எண்டு அது கேட்டிருக்கும், ஓம் எண்டு இவர் சொல்லியிருப்பார். சொல்லி முடிய முதல் பாரம் தாங்காமல் மணல் விலகிப் பின் சில்லு ரெண்டும் புதைஞ்சுபோச்சு. உடன அந்தச் சாமான் அழத் துவங்கிற்றுது மச்சான்! சிவப்பு லைற், மஞ்சள் லைற், கீக் கீக் எண்டு ஒரு சத்தம். தம்பி பயந்து இறங்கிக் கதவைச் சாத்த, எல்லாக் கதவும் தானாப் பூட்டிற்றுது. பொம்பிளையள் மூண்டு பேரும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. பிறகு அது ஊளையிட்ட ஊளை இருக்கே, அங்கால சேத்துக்குள்ள படுத்திருந்த எருமை மாடெல்லாம் எழும்பிக் குளக்கட்டால ஓடினது ஓடினதுதான், அதுகளின்ர சொந்தக்காரன் இப்பவும் எங்கட படலையில நிக்கிறான். தம்பி தண்ணிக்குள்ள நிண்டு வாகனத்தோட வந்த புத்தகத்தைத் திறந்து படிக்கிறார். "என்ன தம்பி போட்டிருக்கு?" எண்டு கத்தினன். "யப்பான் பாசை மாமா. ஆனால் படம் இருக்கு!" எண்டு அவரும் கத்தினார்.

அப்பதான் வெள்ளைச் சாமானின்ர பின்கதவு உள்ளுக்குள்ள இருந்து திறந்தது. ஆசியா உம்மா இறங்கினா. அவா சின்ன ஆளில்லை. முழங்கால் தண்ணிக்குள்ளால நேரா என்ர ஜீப்படிக்கு வந்தா, சுத்திப் பாத்தா, "மஹ்றூப், இது பழைய எஞ்சினே?" எண்டா. "ஓம் ராத்தா, மாத்தேல்லை" எண்டன். காலில கிடந்த செருப்பைக் கழட்டிப் பொனற்றில ரெண்டு அறை விட்டா. ஏறி இருந்து முடுக்கினா. அல்லாஹ் சாட்சியாகச் சொல்லுறன், அந்த நன்றிகெட்ட ஜீப் முதல் முடுக்கிலயே எழும்பிற்றுது. "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஆம்பிளையள் எல்லாம் பின்னால நிண்டு தள்ளுங்கோ!" தள்ளினம். கரையேத்தினா. கயிறு கட்டச் சொன்னா, கட்டினம். வெள்ளைச் சாமானையும் இழுத்துக் கரையில போட்டா. "செட்டிகுளத்தில என்ர மனிசன் நெல்லேத்தின ஜீப்பை ஆர் ஓட்டினதெண்டு நினைச்சியள்? அவருக்கு மாலையானால் கண் தெரியாது. நான்தான்" எண்டா. பிறகு மகன்ர வாகனத்தைப் பாத்துச் சொன்னா பாருங்கோ ஒரு வார்த்தை: "இது வாகனமே? என்ர பிள்ளை விறாந்தைக்குச் சில்லுப் பூட்டி வைச்சிருக்கிறான். குழி தெரியாது, தூசி வராது, ஊர் வந்திட்டுதெண்டு நான் என்னண்டு அறியிறது? வவுனியாவில இருந்து குமட்டிக்கொண்டு வாறன்." சங்கத்துக்காரர் கை தட்டிச்சினம். நானும் தட்டினன், இடுப்பு விட்ட அளவுக்கு.

திரும்பி வரேக்க ஜீப்பை அவாதான் ஓட்டினா. நஃப்லாவும் றிம்ஸியாவும் அதில. ஆம்பிளையள் நாங்கள் விறாந்தையில. அந்தப் பிரயாணத்தைப் பற்றி என்ர முறைப்பாட்டை எழுதத்தான் வேணும். ஒரு குலுக்கம் இல்லை. குளிர்காத்து வந்து பிடரியில ஒட்டின வட்டிலப்பத்தைக் காய வைச்சுது. "என்ர மீன் பெட்டிக்குக்கூட இந்தக் குளிர் இல்லை" எண்டு மரியநாயகம் காத்து வாற ஓட்டையடியில முகத்தை வைச்சுக்கொண்டு வந்தார். யோகநாதன் ஏதோ பட்டனை அமத்தி அமத்தி, சீற் கட்டில் மாதிரிச் சரிஞ்சு, அவன் அப்பிடியே கிடந்திட்டான். நான் நித்திரையாப் போனன் மச்சான்! வாகனத்தில போகேக்க நித்திரை வருமெண்டால் அது எவ்வளவு பொறுப்பில்லாத வாகனம் எண்டு யோசியுங்கோ. முன்னால ஜீப்பில மூண்டு பேரும் ஒவ்வொரு குழிக்கும் கத்திச் சிரிக்கிற சத்தம் கேட்டுத்தான் எழும்பினன். றிம்ஸியா அப்பிடிச் சிரிச்சு நான் கேட்டுக் கனகாலம்.

வீட்டுக்கு வந்து பிளேன்ரீ குடிச்சு முடிய ஆசியா உம்மா நிமிர்ந்து இருந்து சொன்னா: "மஹ்றூப், நான் சீதனம் கேக்கமாட்டன் எண்டு சொன்னது சொன்னதுதான். உங்கட மகளைத் தாங்கோ. அந்த ஜீப்பைத் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிற்றுது. குசினிப் பக்கம் போய் மகளைக் கேட்டன், "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கோ புள்ள?" எண்டு. "மாப்பிள்ளையை இன்னும் வடிவாப் பாக்கேல்லை வாப்பா. மாமியைப் பாத்திட்டன். அது போதும்" எண்டாள். வெளியில வந்து மரியநாயகத்திட்டைச் சொன்னன், "நீ கண்ணுக்குள்ள வைச்சுக் காத்த ஜீப், அதை எப்பிடி நான் குடுக்கிறது?" எண்டு. அந்த மனிசன் என்ன சொன்னதெண்டு நினைக்கிறியள்? "அதை வைச்சிருந்த காலத்தில ஒரு இரவும் நான் நிம்மதியா நித்திரை கொள்ளேல்லை, உன்னட்டைத் திருப்பித் தரமுதல் ஏதும் ஆகிடுமோ எண்டு. தந்திட்டன், என்ர கடமை முடிஞ்சுது. மகளைக் குடுக்கிறாய், தகரத்தைக் குடுக்கமாட்டியோ?" எண்டு கேட்டார். தகரமாம். சங்கத்தின்ர மூத்த உறுப்பினர் பேசிற பேச்சோ இது?

ஆகவே மச்சான், தீர யோசித்து எடுத்த முடிவை அறியத் தருகின்றேன். ஒரு மனிசன் மகளைக் குடுக்கலாம். ஒரு மனிசன் ஜீப்பைக் குடுக்கலாம். ரெண்டையும் ஒரே நாளில் குடுத்துப்போட்டு வெறும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் ஏலாது. தாங்களே ஆசியா உம்மாவுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி இந்தச் சம்பந்தத்தை நிறுத்தித் தருமாறு மிகுந்த மரியாதையுடன் கேட்டுக்கொள்கின்றேன். இதில் மாற்றம் இல்லை.

தங்கள் பாரியாருக்கும் பெரியவர்களுக்கும் எனது ஸலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முத்தங்கள். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளையும் ஆரோக்கியத்தையும், எனக்கு இடுப்பையும் தந்தருள்வானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
மஹ்றூப்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருக்கேக்க நஃப்லா இதை எடுத்து வாசிச்சுப்போட்டா. அதுக்குப் பிறகு நடந்ததை இங்க எழுதேலாது. மேல எழுதினது ஒண்டையும் கணக்கில எடுக்கவேண்டாம். ஹஜ்ஜுப் பெருநாள் கழிச்சு வாற வெள்ளிக்கிழமை நிக்காஹ். நாள் குறிக்க வந்த ஆசியா உம்மாவோட ஜீப் நாலு நாளைக்கு முதலே வவுனியாவுக்குப் போட்டுது, திரும்பிக்கூடப் பாக்கேல்லை. உம்மாவைத் தனிய விடேலாதெண்டு தம்பியும் ஜீப்பிலயே ஏறி, வெள்ளையை என்னட்டையே விட்டிட்டுப் போட்டார். சங்கத்துக்காரர் விடிய வந்து ஏறினால் பொழுதுபட்டாத்தான் இறங்கினம். அந்தக் குளிரில என்ர இடுப்பும் நல்ல சுகம். நீங்கள் பஸ்ஸில இடிபட்டு வரவேண்டாம், குடும்பத்தோட ஏத்திக்கொண்டு வர நானே புத்தளத்துக்கு வாறன். உங்கட ஒழுங்கை எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. நான் வந்து சேர முதல் படலைத் தூண் ரெண்டையும் கிளப்பி வையுங்கோ.