ஏழாம் நடைக்குரிய கல்

கதைக்கு முன் கேட்போர் அறிய வேண்டியவை சில உள. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த ஆண்டு அது. கள்ளக்குறிச்சியிலிருந்து தியாகதுருகம் வழியாக உளுந்தூர்பேட்டைக்குச் சென்ற பேருந்துகள் இருபத்தொரு நடைகளில் மூன்று முறை கல்லடி பட்டன. இருபத்தொன்றை மூன்றால் வகுத்தால் ஏழு. இவ்வளவே கணக்கு, மற்றதெல்லாம் நிர்வாகம்.

பணிமனை மேலாளர் காசிநாதன் சுற்றறிக்கை விடுத்தார்: ஒரு கல் விழுந்தபின் ஆறு நடைகள் அச்சமற்றவை, ஏழாம் நடையில் கல் விழுந்தே தீரும். வியாழக்கிழமையின் ஏழாம் நடை ஓட்டுநர் இருசப்பனுக்கு வாய்த்தது. கண்ணை நம்பிப் பிழைக்கும் மனிதர். மேலாளர் அறைக்குப் போய் நின்றார்.

“கல்லு எறியறவன் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிக்கினா இருக்கான், சார்?”

“அவன் எண்ண வேணாம்யா. அவனுக்கும் சேத்துதான் நாம எண்ணுறோம்.”

“அப்ப ஏழாவத நிறுத்திட்டு எட்டாவத வுட்டா இன்னாங்க?”

“எட்டாவது ஏழாவதா ஆயிடும். கொஞ்சமாவது படிச்சிருக்கியா?”

இதற்குள் பயணிகளும் கணக்கில் தேறிவிட்டனர். கத்திரிக்காய்க் கூடையோடு ஏறிய சாலம்மாள் கண்ணாடிகளை ஒருமுறை நோட்டமிட்டார். “இது இன்னும் அடி வாங்காத வண்டி. எனக்கு வேணாம்பா” என்று இறங்கிவிட்டார். அவர் பின்னால் எல்லாரும் இறங்கினர்.

ஆகவே இரண்டாம் சுற்றறிக்கை பிறந்தது: ஒவ்வொரு பேருந்தும் தனக்குரிய கல்லைப் பணிமனையிலேயே பெற்றுக்கொண்டு புறப்பட வேண்டும். கல் எறியும்போது வண்டியை விட்டுக் கீழே நின்றுகொள்ள இருசப்பன் அனுமதி கேட்டார். பதிவான மூன்று நிகழ்வுகளிலும் ஓட்டுநர் இருக்கையில் இருந்தமையால் இப்போதும் இருத்தல் வேண்டும் என்று விடை வந்தது.

“கண்ண மூடிக்கண்ணே,” என்றான் கல்லோடு நின்ற காவலாளி முனியன்.

பணி நேரத்தில் ஓட்டுநர் கண் மூடுவது விதிப்படி குற்றம் என்று காசிநாதன் நினைவூட்டினார். முனியன் குறி தவறவில்லை.

பின்னர் உறுதியானவை இவை. அன்று அந்தச் சாலையில் போராட்டக்காரர் ஒருவரும் இல்லை. அம்மாதம் வெளியார் எறிந்த கற்கள் மூன்று, பணிமனை எறிந்தவை முப்பத்தொன்று. முப்பத்துநான்கும் போராட்டக்காரர் பெயரிலேயே பதிவாயின. இருசப்பனின் வலக்கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. அவரை வேலையிலிருந்து நீக்கும் ஆணை தட்டச்சில் இருந்தபோது, பயணிகள் நூற்றுப்பதினான்கு பேர் மனு கொடுத்தனர்: ஒருமுறை அடிபட்டவருக்கு மறுமுறை படாது, எனவே ஆபத்து மிகுந்த தடத்தை அவருக்கே அளிக்க வேண்டும். மனு ஏற்கப்பட்டது. அடுத்த திங்கள்கிழமை முதல் கல்வராயன் மலையின் கொண்டையூசி வளைவுகளில் வெள்ளிமலைப் பேருந்தை அவர்தாம் ஓட்டினார். அதில் நிற்கவும் இடம் கிடைக்கவில்லை.