அம்மா நிறுத்திய ரயில்

"இதுல ரெக்கார்டு ஓடுதா?" என்று ஃபோனைக் காட்டிக் கேட்டுவிட்டு அம்மா வாயை மூடிக்கொண்டாள்.

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சலிப்பாக வந்தது. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டாலும் அரை மணியில் கீழே இறக்கிவிடுகிறவர் அவர். சொந்த அம்மாவின் சின்ன வயசுக் கதை மட்டும் நடு மாடியில் நின்றுகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. நாளைக்குப் பேரன் பேத்திகள் கேட்டால் என்ன சொல்வது? அதற்காகத்தான், வருஷத்துக்கு இரண்டு தடவை தலைகாட்டியவர் மூன்று வாரமாக ஞாயிறு தவறாமல் வந்து உட்கார்கிறார்.

"பள்ளிக்கூடம் போனதைச் சொல்லும்மா."

"போனேன். வந்தேன்."

"நடுவுல?"

"மத்தியானம் சாப்பிட்டேன்."

அடுத்த வாரம் ஃபோனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தார். அம்மா அதன் மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். நாற்பது நிமிஷம் பஞ்சு நசுங்கும் சத்தம் துல்லியமாகப் பதிவானது.

"ஒண்ணுமே நடக்கலைன்னா விட்டுடலாம்மா. நானும் வாராவாரம் அலைய வேண்டாம்" என்று கிளம்பிவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு அம்மா மடை திறந்தாள். பதினோரு வயதில் தண்டவாளத்தில் விரிசலைப் பார்த்து, தம்பியின் சிவப்புச் சட்டையை வீசி ரயிலையே நிறுத்தினாளாம்! மறுவாரம், வெள்ளத்தில் கழுதை மேல் ஏறிப்போய்த் தபால் பையை மீட்டாள். மெக்கானிக் புல்லரித்துப்போய்க் குடும்பத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாவற்றையும் போட்டார். தங்கை அழுதாள். தங்கையின் மாமியாரே கைதட்டும் பொம்மை அனுப்பினாள்.

அந்தச் சிவப்புச் சட்டைத் தம்பியான மாமா மட்டும் ஃபோன் செய்தார்.

"டேய், எங்க ஊர்ல ஏதுடா ரயிலு? பஸ்ஸே என் கல்யாணத்துக்கு அப்புறம்தான் வந்துச்சு. உங்கம்மா கோழியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறிடுவா!"

நேரில் பேசினால் சரியாகிவிடும் என்று மாமாவைக் கையோடு அழைத்து வந்தார் மெக்கானிக். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு.

"என்கிட்ட சிவப்புச் சட்டையே கிடையாதுக்கா!"

"உனக்கு அப்ப நாலு வயசு. சட்டையே போட மாட்ட. நீ பேசாத!"

மாமா செருப்பைத் தேடினார். அம்மா சமையலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். குரூப் இரண்டாக உடைந்தது. தங்கை எதிர்க்கட்சியில் சேர்ந்தாள்.

"ஏம்மா பொய் சொன்ன?" என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டார் மெக்கானிக். உள்ளே பாத்திரம் மட்டும் பேசியது. வம்சத்துக்கே பொய்யைச் சேர்த்து வைத்தோமே என்று நொந்துபோய், "எல்லாத்தையும் அழிச்சிடறேன்" என்று கத்திவிட்டு ஃபோனும் கையுமாக வாசலுக்கு வந்தார்.

பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ், கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், சத்தமெல்லாம் கேட்டு மதில் பக்கம் வந்தார்.

"அழிச்சிடாதீங்க தம்பி, அத்தனையும் நிஜம். ரயிலை நிறுத்தினது நான்தான். எனக்குக் கேக்க ஆளில்ல, உங்கம்மாவுக்குச் சொல்லக் கதையில்ல. நீங்க வர்றது நின்னுடக் கூடாதுன்னு வாரத்துக்கு ஒண்ணா சொல்லிக் கொடுத்தேன். இன்னும் இருபது ஞாயித்துக்கிழமைக்குத் தாங்கும்!"